அழுக்கைப் பார்த்து ஃபில்டரை மாற்றாதீர்கள்

சர்வீஸுக்கு விட்ட வண்டி லிஃப்டில் நின்றுகொண்டிருக்கும், ஒருவர் கையில் ஏர் ஃபில்டரோடு நம்மைத் தேடி வருவார். "சார், பாருங்க, எவ்வளவு அழுக்கு. மாத்திடலாமா?" மடிப்பெல்லாம் கறுத்திருக்கும், மூலையில் ஒரு காய்ந்த இலை, ஒன்றிரண்டு பூச்சி இறக்கை. பார்த்தவுடனே வண்டியைச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று நமக்கு உறுத்தும். சரி, மாத்திடுங்க என்று சொல்லிவிடுவோம். முதல் ஆறு வருடம் நான் அப்படித்தான் சொன்னேன். அப்புறம், இதெல்லாம் பில்லை ஏற்றுவதற்காகச் சொல்வது என்று யாரோ சொல்லக் கேட்டு, அடுத்த மூன்று வருடம் எந்த ஃபில்டர் என்றாலும் வேண்டாம் என்றேன். ஒன்பது வருடமும் தவறாகத்தான் செய்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. முதல் ஆறு வருடத்தில் தேவையில்லாததை மாற்றினேன், பின் மூன்று வருடத்தில் மாற்றியே ஆக வேண்டியதை விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பழைய காரைப் பல வருடம் பார்த்துக்கொண்ட மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் ஃபில்டரைக் கையில் எடுத்தால் அழுக்கைப் பற்றிப் பேசவே மாட்டார். "தம்பி, இது அடைச்சுக்கிட்டா என்ன பண்ணும்? அதை முதல்ல சொல்லு" என்பார். அப்போது அது எனக்கு ஏதோ வகுப்பறைக் கேள்வி மாதிரி இருந்தது. காரில் இருக்கும் ஒவ்வொரு ஃபில்டரையும் பற்றித் தேடிப் படித்து, சிலவற்றை நானே கழற்றிப் பார்த்த பிறகுதான், ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கான பதில் முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று புரிந்தது. அழுக்காவதுதான் ஃபில்டரின் வேலை. அழுக்காக இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அடைத்துக்கொண்ட பிறகு ஒரு ஃபில்டர் வழியை மூடிவிடும், இன்னொன்று பின்வாசலைத் திறந்துவிடும். இந்த இரண்டுக்கும் ஒரே மாதிரி பதில் சொல்ல முடியாது.

எல்லோரும் நம்மிடம் காட்டுவது ஏர் ஃபில்டரைத்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 9,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டி 20,000 கிலோமீட்டர் ஓடினால் ஒரு கோடி லிட்டருக்கும் மேலான காற்று அந்தத் தாள் வழியாகப் போயிருக்கும். அத்தனை காற்றோடும் தூசி வருகிறது, தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது. மணலில் இருக்கும் சிலிக்கா, இன்ஜினுக்குள் இருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் கீறும் அளவுக்குக் கெட்டியானது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதே அளவுள்ள மணல் துகள் அங்கே போய்ச் சிக்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். ஆகவே ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மைலேஜ் போய்விடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. வேண்டுமென்றே ஃபில்டரை மோசமாக அடைத்துவைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் பெட்ரோல் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. பிக்கப்தான் குறைந்தது. புது ஃபில்டர் போட்டபோது வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் மேம்பட்டது. கம்ப்யூட்டர் இல்லாமல் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் மட்டும்தான் மைலேஜிலும் 2 முதல் 6 சதவீதம் வித்தியாசம் இருந்தது. நாம் இன்றும் கேட்கும் அறிவுரை அந்தக் கார்புரேட்டர் காலத்தில் உண்மையாக இருந்தது, வண்டி மாறிய பிறகும் அறிவுரை மாறவில்லை.

காரணம் யோசித்துப் பார்த்தால் எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும்கூட. பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் பாதையில் ஏற்கெனவே ஒரு அடைப்பு இருக்கிறது, அதன் பெயர் த்ராட்டில். ஆக்சிலரேட்டரை அரைகுறையாக அழுத்தி ஓட்டும்போது அந்தத் தகடு பாதி மூடித்தான் இருக்கும். ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால் நம் கால் தானாகவே கொஞ்சம் கூடுதலாக அழுத்தும், தகடு கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும், இன்ஜினுக்குப் போகும் காற்று பழைய அளவே. சென்சார்கள் அந்தக் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத்தான் விடும். முழுதாக அழுத்தி முந்தப் போகும்போதுதான், த்ராட்டில் திறக்க இனி இடமே இல்லாத அந்த நேரத்தில், குறை தெரியும். டீசல் வண்டிகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே காற்றை இப்படிக் கட்டுப்படுத்தி ஓட்டுவதில்லை, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ அதை இழுக்கத் திணறும், இழுவை குறையும், அடைப்பு மோசமானால் புகையும் கக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அடைத்துப்போன ஏர் ஃபில்டர் தூசியை உள்ளே விடுவதில்லை. சொல்லப்போனால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஃபில்டர் புத்தம் புதியதைவிட நன்றாக வடிகட்டும், ஏனென்றால் தாளில் படிந்த தூசியே இன்னொரு வலையாகி இன்னும் நுண்ணியதைப் பிடிக்கிறது. அதனால்தான் பெரிய லாரிகளிலும் மண் அள்ளும் இயந்திரங்களிலும், ஃபில்டரைத் தாண்டிய பிறகு காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் ஒரு சின்ன மீட்டர் வைத்திருப்பார்கள், முள் சிவப்பைத் தொடும்வரை மூடியையே திறக்க மாட்டார்கள். சீக்கிரமாக மாற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்ற நினைப்பு இந்த ஃபில்டரில் பொருந்தாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தூசி சுத்தமான பக்கம் விழ ஒரு வாய்ப்பு, ஃபில்டரைச் சரியாக உட்கார வைக்காமல் மூடிவிட ஒரு வாய்ப்பு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மூன்று வருடத்தில், ஃபில்டரை நானே சுத்தம் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்து, கம்ப்ரஸர் காற்றை மிக அருகில் வைத்து அடித்தேன். புழுதி மேகம் மாதிரி பறந்தது, பார்க்கத் திருப்தியாக இருந்தது. நான்கைந்து மாதம் கழித்து வேறு ஏதோ வேலைக்காக ஃபில்டர் பெட்டிக்கு அடுத்த குழாயைக் கழற்றியபோது, உள்ளே, சுத்தமாகவே இருக்க வேண்டிய பக்கத்தில், விரலில் ஒட்டும் அளவுக்கு மெல்லிய மண். ஃபில்டரை விளக்குக்கு நேரே பிடித்தேன், ஒரு மடிப்பின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல், அதன் வழியாக வெளிச்சம் வந்தது. ஓரத்து ரப்பரும் ஒரு மூலையில் மடிந்து உட்கார்ந்திருந்தது. அத்தனை மாதமும் வண்டி எந்தக் குறையும் சொல்லவில்லை. அழுக்கான ஃபில்டரோடு விட்டிருந்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நான் சுத்தம் செய்ததால்தான் மணல் உள்ளே போனது. மெக்கானிக் ஏன் எப்போதும் ஃபில்டரை விட்டுவிட்டுப் பெட்டியின் மறுபக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார் என்று அன்றுதான் புரிந்தது. உங்களிடம் யாராவது ஃபில்டரைக் காட்டினால் அந்த மறுபக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே மண் இருந்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் மாற்றிவிட்டு, ரப்பர் ஏன் பிடிக்கவில்லை என்றும் பாருங்கள். துவைத்துத் துவைத்துப் போடும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எண்ணெய் கூடிப்போனால் அது காற்றோடு போய்க் காற்றை அளக்கும் சென்சாரில் படியும், தினசரி ஓட்டும் காருக்கு எனக்கு அது தேவையாகப் படவில்லை.

இப்போது ஆயில் ஃபில்டர். இதை யாரும் நம்மிடம் கொண்டுவந்து காட்டுவதில்லை. இரும்பு டப்பாவுக்குள் இருக்கும் தாளை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் புரியாது. ஆனால் அடைத்தால் என்ன பண்ணும் என்ற கேள்விக்கு மிகவும் பயப்பட வேண்டிய பதில் இதனிடம்தான் இருக்கிறது.

இன்ஜினுக்கு அழுக்கு ஆயில் போவதைவிட ஆயிலே போகாமல் இருப்பது மோசம், சில நொடிகளில் பேரிங் காலி. அதனால் ஃபில்டருக்குள்ளேயோ, சில இன்ஜின்களில் ஃபில்டர் பொருத்தும் இடத்திலேயோ, ஸ்பிரிங் வைத்த ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். தாளின் இரு பக்கத்து அழுத்த வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால், பெரும்பாலும் 1 பாரை (நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவு) ஒட்டிய ஒரு அளவு, அந்த வால்வு திறந்துகொள்ளும். ஆயில் தாளைத் தொடாமல் நேராக இன்ஜினுக்குப் போய்விடும், தேய்ந்த உலோகத் துகளோடும் கரியோடும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியாது, ஏனென்றால் அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது. சத்தம் வராது, பிக்கப் குறையாது. ஃபில்டர் வேலையை நிறுத்திவிட்டது என்று சொல்ல அங்கே யாருமே இல்லை. முன்பு சொன்ன பின்வாசல் இதுதான்.

கூடவே, வண்டி நிற்கும்போது ஃபில்டரில் இருக்கும் ஆயில் வடிந்து கீழே போய்விடாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வும் பல ஃபில்டர்களில் உண்டு. சூட்டில் வெந்து வெந்து அது விறைத்துப்போனால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி டக்டக் என்று ஒரு சத்தம் கேட்கும். ஆயில் மேலே ஏறி வரும்வரை இன்ஜின் வறண்டு சுற்றுகிற சத்தம் அது.

வேண்டாம் வேண்டாம் என்ற அந்த மூன்று வருடத்தில் ஒரு முறை ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஃபில்டர் அப்படியே இருக்கட்டும் என்றேன், அடுத்த ஆயில் மாற்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று. இன்றைக்கு நினைத்தாலும் மனசுக்குப் பிடிக்கவில்லை. பழைய ஃபில்டருக்குள் ஒரு டம்ளர் பழைய ஆயில் தேங்கியிருக்கும், புது ஆயில் ஊற்றிய முதல் நிமிடத்திலேயே அது கலந்துவிடும். 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்க் என்ற இருவர் காருக்கான ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார்கள், சுத்தமான ஆயில் என்ற பொருளில் ப்யூரோலேட்டர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் ஓடிய இன்ஜின்களுக்கு மிஞ்சிப்போனால் ஆயில் பம்ப் வாயில் ஒரு கம்பிச் சல்லடை. இன்றைய இன்ஜின் நீண்ட காலம் உழைப்பதில் அந்தச் சின்ன டப்பாவுக்கும் பங்கு இருக்கிறது. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் மாற வேண்டும், இதில் பார்த்து முடிவெடுக்க ஒன்றுமே இல்லை.

பெட்ரோல் வண்டியின் ஃப்யூல் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இப்போது வரும் பல கார்களில் அது டேங்குக்குள் பம்ப்போடு சேர்ந்தே இருக்கிறது, மாற்றும் கணக்கே மேனுவலில் இருக்காது. வெளியே தனியாக இருக்கும் பழைய வண்டி என்றால் மேனுவலில் போட்டிருக்கும் கணக்குப்படி மாற்றினால் போதும்.

டீசல் அப்படி இல்லை. என் மச்சான் வைத்திருப்பது டீசல் கார், ஒரு நாள் டேஷ்போர்டில் டீசலில் தண்ணீர் இருப்பதாகச் சொல்லும் விளக்கு எரிந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது, அதனால் பத்து நாள் அப்படியே ஓட்டியிருக்கிறார். என்னிடம் சொன்ன அன்றே போய் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தினோம், அடியில் வைத்த கண்ணாடி டம்ளரில் முதலில் கலங்கலாகத் தண்ணீர்தான் வந்தது, அப்புறம்தான் டீசல். டீசல் ஃபில்டருக்கு இரண்டு வேலை, துகளைப் பிடிப்பது ஒன்று, தண்ணீரைப் பிரித்து அடியில் தேக்குவது இன்னொன்று. தேக்கும் இடம் நிறைந்துவிட்டால் அடுத்து வரும் தண்ணீர் நேராக உயரழுத்த பம்புக்குப் போகும். இப்போதைய டீசல் கார்களில் இருக்கும் காமன் ரெயில் வகை இன்ஜினில் அந்த பம்ப் 2,000 பார் வரையும் அதற்கு மேலும் அழுத்தம் தருகிறது, உள்ளே பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், அவற்றுக்கு உயவு எண்ணெயும் அந்த டீசல்தான். தண்ணீருக்கு அந்த வழவழப்பு கிடையாது, துருவையும் கூட்டிக்கொண்டு வரும். பம்ப் தேய்ந்து உதிர்த்தால் அந்த உலோகத்தூள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை போய், மொத்த அமைப்பையும் மாற்ற வேண்டி வரலாம். மச்சான் வண்டி தப்பித்தது. அவர் இப்போது மேனுவல் சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுகிறார், டீசல் ஃபில்டரில் அது வீண் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். மாற்றுபவர் புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை அப்படியே ஊற்றி நிரப்பினால் மட்டும் தடுத்து நிறுத்துங்கள், வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்கே போய்விடும். கை பம்ப்போ மின் பம்ப்போ வைத்து வண்டியே இழுத்துக்கொள்ள வேண்டும்.

கேபின் ஃபில்டர், அதாவது ஏசி ஃபில்டர், இன்ஜினுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. அதனாலேயே மறந்துபோகிறோம். நம் வண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்கு முதல் நான்கு வருடம் தெரியாது. ஏசியில் குளிர்ச்சி குறைந்தது, ப்ளோயரை நான்கில் வைத்தால் சத்தம் மட்டும் வந்தது, பின் சீட்டில் உட்காரும் அப்பா ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்வார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள், இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மழை நேரத்தில் முன் கண்ணாடியில் படியும் ஆவி போகவே போகாது, துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன், ஒரு இரவில் எதிரே வந்த வண்டியின் வெளிச்சத்தில் எதுவும் தெரியாமல் ஓரம் கட்டி நிறுத்திய பிறகுதான் இதைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று பட்டது. மேனுவலை எடுத்துப் படித்தேன். க்ளவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே சாய்த்தால் ஒரு சின்ன மூடி, அதற்குள்ளிருந்து நான் உருவியெடுத்தது சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி மாதிரி இருந்தது, மக்கிய இலைத்தூளும் முடியும் சேர்ந்து ஒரு ஈர நாற்றத்தோடு.

புது ஃபில்டர் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அதன் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அன்று மாலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, "என்னப்பா, இன்னைக்கு இவ்வளவு காத்து வருது?" என்று கேட்டார், ப்ளோயர் இரண்டில்தான் இருந்தது.

இந்த ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், நமக்கே தெரிந்துவிடும். நாம்தான் அதைக் கேஸ் குறைவு என்றும் ஏசி பழசாகிவிட்டது என்றும் வேறு பெயர் வைத்துக்கொள்கிறோம். சில வண்டிகளில் அடிப்படை மாடலில் இடம் மட்டும் விட்டிருப்பார்கள், ஃபில்டரே இருக்காது, ஒரு முறை திறந்து பாருங்கள். இல்லையென்றால் தூசியெல்லாம் ஏசியின் ஈரமான குளிர்க் கம்பிச்சுருள் மேல் போய் அப்பிக்கொள்ளும், அதைச் சுத்தம் செய்ய சில வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். புகையும் நெரிசலும் உள்ள சாலைகளில் தினமும் போகிறவர் என்றால் கரி அடுக்கு உள்ள ஃபில்டரைப் போடலாம், சாதா ஃபில்டர் துகளை மட்டும்தான் பிடிக்கும், கரி அடுக்கு வாடையையும் சில வாயுக்களையும் பிடிக்கும். ஆனால் கரி நிறைந்துபோவதைக் கண்ணால் பார்க்க முடியாது, வெளியே இருக்கும் புகை வாடை மறுபடி உள்ளே வரத் தொடங்கினால் அது தீர்ந்தது என்று அர்த்தம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ சின்னக் குழந்தைகளோ வண்டியில் வருகிறார்கள் என்றால், மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது வரும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் இன்னொரு ஃபில்டரும் இருக்கிறது, புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப். இதை வழக்கமாக மாற்றுவதில்லை, தான் பிடித்த கரியைத் தானே சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துவிடும். அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும், தினமும் இரண்டு கிலோமீட்டர் போய்வந்து நிறுத்துகிற வண்டியில் அது நடக்காமல் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் ஆயிலில் இருந்து வரும் சாம்பல் மட்டும் எரியாமல் தங்கும், அதனால்தான் அந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள்.

மேனுவலின் கடைசிப் பக்கங்களில் கடும் பயன்பாடு என்று ஒரு தனி அட்டவணை இருக்கும், அதை நாம் யாருமே படிப்பதில்லை, அது யாரோ பாலைவனத்தில் ஓட்டுபவர்களுக்கு என்று நினைத்துவிடுகிறோம். அதில் இருப்பதைப் படித்தால், குறுந்தூரம் போய் நிறுத்துவது, நெரிசலில் நின்று நின்று போவது, மண் சாலை, பாரம் இழுப்பது என்று பாதிப் பேரின் அன்றாடம்தான் இருக்கிறது. ஆனால் இதிலும் ஒரே அளவுகோல் கிடையாது. குறுந்தூர ஓட்டம் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும்தான் படுத்தும், ஏர் ஃபில்டரை ஒன்றும் செய்யாது. மண் சாலை ஏர் ஃபில்டரை வேகமாக நிரப்பும். நான் ஓட்டுவது பெரும்பாலும் தார்ச்சாலையில், ஆனால் நெரிசலில். ஆகவே ஆயிலுக்கும் அதன் ஃபில்டருக்கும் கடும் பயன்பாட்டுக் கணக்கு, ஏர் ஃபில்டருக்குச் சாதாரணக் கணக்கு, கேபின் ஃபில்டர் வருடம் ஒரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன்.

ஒவ்வொரு புது ஃபில்டரின் ஓரத்திலும் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுகிறேன், ஜாப் கார்டு தொலைந்தாலும் அது தொலையாது. போன மாதம் சர்வீஸில் வழக்கம்போல ஒருவர் ஏர் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார், அழுக்காகத்தான் இருந்தது. ஓரத்தில் 42,300 என்று என் கையெழுத்து. வண்டி அன்றைக்கு 61,000, மேனுவலில் எங்கள் வண்டிக்கு 40,000-க்கு ஒரு முறை. அவரோடு போய்ப் பெட்டியின் மறுபக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அதையே திரும்பப் போட்டு, ரப்பர் நான்கு பக்கமும் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, ஆயில் ஃபில்டரை மட்டும் மாற்றச் சொன்னேன்.